பாதசாரியின் கவனக்குறைவு

என் மனைவியின் வலது காலைப் பற்றி அரசாங்கக் காகிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. 'விபத்துக்குக் காரணம்: பாதசாரியின் கவனக்குறைவு.' எழுதிய புண்ணியவானுக்கு அரை நிமிடம் பிடித்திருக்கும். அதை அடிக்கவைக்க நாங்கள் அலைந்தது மூன்று வருடம்.

அவள் தையல்காரி. கடையில் பித்தான் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பட்டைகளின் நடுவில் வரும்போது ஒரு சாம்பல் நிறக் கார் வந்து இடித்தது. கார்க்காரர் பதறி இறங்கியதில் அவர் கையிலிருந்த போன் நழுவி, தரையில் கிடந்தவளின் முகத்துக்கு நேராக விழுந்தது. திரையில் பாதி எழுதிய செய்தி: 'ரெண்டு நிமிஷத்துல வந்து.' உயிர் போகிற வலியிலும் என் மனைவி அதைப் படித்துவிட்டாள். எதையும் படிக்காமல் விடமாட்டாள், அவள் சுபாவம் அது.

முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்தார்கள். தையல் மிஷினை மிதிக்கிற கால். மோட்டார் வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லாத ஆள் பாக்கி இல்லை. மோட்டாரை அமுக்கவும் ஒரு கால் வேண்டுமே! இடது காலால் அமுக்கினால் துணி அதன் இஷ்டத்துக்கு ஓடுகிறது என்பாள். போகட்டும், அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அந்த வரியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, ஒருவேளை நான்தான் பாக்காம வந்துட்டேனோ?"

பச்சை விளக்கில் வந்தவள் கேட்கிறாள். பொய்யை அச்சடித்து, முத்திரை குத்தி, கையில் கொடுத்துவிட்டால் பாதிக்கப்பட்டவளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கார்க்காரர் வந்து, 'நான் போன் பாத்துக்கிட்டு இருந்தேன், நான்தான் இடிச்சேன்' என்று ஒரு தடவை வாயால் சொல்லவேண்டும். அந்த வரியை அடிக்கவேண்டும். அவ்வளவுதான்.

நான் ஆஸ்பத்திரி வேன் ஓட்டுகிறவன். வேலைக்கு வருகிற நர்ஸ்களை வீட்டிலிருந்து ஏற்றி வருவேன், ஷிஃப்டு முடிந்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவேன். ஒரு நடைக்குப் பதினான்கு பேர். மனைவிக்கு இப்படி ஆனதிலிருந்து, வண்டியை எடுக்குமுன் என் போனை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியை அழுத்தி, கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவது வழக்கம். நடுவழியில் மணி அடித்தால், "அண்ணே, பிஸ்கட் கத்துது!" என்று நர்ஸ்கள் சிரிப்பார்கள். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் சட்டம் வந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் தொலைந்தாய் என்று சட்டம். அதை நடத்துவதற்கு 'ஓட்டுநர் கவன இயக்ககம்' என்று ஒரு புது அலுவலகம். புது என்றால் பெயர் புதிது. பழைய வாகனப் பதிவு அலுவலகத்தின் பலகையிலேயே மேலே வண்ணம் அடித்து எழுதிவிட்டார்கள். கட்டடம் அதே, மேசை அதே, மேசைக்குப் பின்னால் கொட்டாவி விட்டவரும் அவரே.

தொடக்க விழாவுக்கு என் மனைவியைக் கார் அனுப்பி அழைத்தார்கள். மேடையில் அவளுக்கு முன்வரிசை, எனக்கு நேர் பின்னால் ஒரு நாற்காலி. ஊன்றுகோலைப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தவளை, "இல்லம்மா, கையில பிடிச்சுக்குங்க, போட்டோவுல தெரியணும்" என்று ஒருவர் வந்து திருத்தினார். இயக்குநர் பேச எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல்.

"இந்த அம்மாவின் கால் உடைந்தது என்று சொல்கிறார்கள். நான் மறுக்கிறேன்! உடைந்தது கால் அல்ல, நம் சமுதாயத்தின் மனசாட்சி!"

கைத்தட்டல். என் மனைவி பின்வரிசையில் இருந்த என் பக்கம் சாய்ந்து, "அப்ப கம்பியை அதுக்கு வெச்சிருக்கலாமே" என்றாள்.

பேச்சின் நடுவில் இயக்குநரின் போன் அடித்தது. எடுத்தார். "மேடையில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். "கவனித்தீர்களா? எடுத்தேன். ஏன் எடுத்தேன்? நான் இப்போது வண்டி ஓட்டவில்லை! இதுதான் ஒழுக்கம்!" அதற்கு முன்னைவிடப் பலமான கைத்தட்டல். கடைசியில் இறங்கி வந்து, என் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அம்மா, உங்க மனுதான் எங்க முதல் மனு. அந்தக் கார்க்காரரைக் கூப்பிட்டு விசாரிக்கறேன். அந்த வரியை நானே என் கையால அடிக்கிறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "கையைப் பிடிச்சப்ப சூடா இருந்துச்சுங்க. பொய் சொல்ற கை மாதிரி தெரியல." நானும் அப்படித்தான் நினைத்தேன். நம்பினோம். நம்பியதைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்து வயிறு எரிகிறது.

மனுவை இயக்ககத்தின் செயலியில்தான் கொடுக்கவேண்டுமாம். போனில் இறக்கினோம். முதல் கட்டமே ஓட்டுநர் உரிம எண் கேட்டது. என் மனைவிக்கு ஏது உரிமம்? அது இல்லாமல் அடுத்த பக்கம் நகரமாட்டேன் என்றது. ஆகவே, கால் அவளுடையது, மனு என்னுடையது என்று ஆயிற்று.

பத்து நாள் கழித்து முதல் செய்தி வந்தது. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், பிஸ்கட் டின் கத்தியது. கடைசி நர்ஸை இறக்கிவிட்டு எடுத்துப் பார்த்தால், 'உங்கள் மனு குறித்து அவசரம். ஏழு நிமிடங்களுக்குள் பதிலளிக்கவும்' என்று ஒன்று. அதற்குக் கீழே, 'பதில் இல்லை. மனுதாரருக்கு அக்கறை இல்லை எனக் குறிக்கப்பட்டது' என்று இன்னொன்று. என் மனைவியின் கால் விஷயத்தில் எனக்கு அக்கறை இல்லையாம்! அடுத்த வாரமும் இதே. அதற்கடுத்த வாரமும் இதே. சொல்லிவைத்தாற்போல் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் நேரத்தில்தான் வரும்.

போனை மனைவியிடம் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். செய்தியே வரவில்லை. விடுமுறை நாளில் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எங்கோ பல்பொடி விற்கிறவன்கூட அழைத்தான், இயக்ககம் அழைக்கவில்லை. சரி, நேரில் போய் ஒரு கை பார்த்துவிடுவோம் என்று லீவு போட்டுக் கிளம்பினேன்.

மூன்றாம் நம்பர் ஜன்னலில் ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என் மனு எண்ணைத் தட்டினார்.

"மூணு செய்தி அனுப்பியிருக்கோம். ஒண்ணுக்கும் பதில் போடல. ஏன்?"

"வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேம்மா."

"அதுக்கு?"

"ஓட்டும்போது போன் தொடக்கூடாதுன்னுதானேம்மா சட்டம்?" என்றேன். மேலே பார்த்தேன், அவர் தலைக்கு மேல் அதையேதான் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

"நின்னுக்கிட்டு இருக்கும்போது அனுப்பக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"அதெப்படி அனுப்ப முடியும்?" அந்த அம்மா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இது ஓட்டுநர்களுக்கான செயலி. வண்டி நகர்ந்தாத்தான் நீங்க ஓட்டுநர். நின்னுட்டா நீங்க யாரோ. யாரோ ஒருத்தருக்கு அரசாங்கம் எதுக்குச் செய்தி அனுப்பணும்? உங்க வேன் வேகம் எடுக்கிறது போன் வழியா எங்களுக்குத் தெரியும், அப்பத்தான் போகும்."

"அப்ப, செய்தி வந்ததும் ஓரமா நிறுத்திட்டுப் பதில் போடறேன்."

"நிறுத்தினா பக்கம் மூடிக்கும்."

"சரிம்மா, ஓட்டும்போது என்னால பதில் போட முடியாதுன்னு எழுதிக் குடுத்துடறேன்."

"தாராளமா. அதுக்கு விலக்கு விண்ணப்பம் இருக்கு." முகம் மலர்ந்தது அவருக்கு. "செயலியிலேயே இருக்கு. ஓட்டும்போது திறக்கும்."

என் முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மாவுக்கு இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் போடறாங்க தம்பி. ஒரு கையால ஸ்டீயரிங், ஒரு கையால பதில். நீங்க ஏன் இப்படி உலகத்துல இல்லாத ஆளா இருக்கீங்க?" என்றார்.

அதற்குப் பிறகு என்மேல் கண் விழுந்துவிட்டது. இயக்ககத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் உண்டு. போன் பார்த்துக்கொண்டு ஓட்டுபவர்களைப் போனில் படம் பிடிப்பது அவர் வேலை. ஆகவே மோட்டார் சைக்கிளை எப்போதும் ஒரு கையால்தான் ஓட்டுவார். நர்ஸ்கள் அவருக்கு 'ஒத்தைக்கை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருநாள் அவர் என் வேனை ஒட்டி வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, என் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருப்பதைக் கண்டார். முகம் மாறிவிட்டது. "போனை எடு! போனை எடு!" என்று கையிலிருந்த போனை ஆட்டிக் கத்தினார். அந்த ஆட்டத்தில் எதிரே வந்த தண்ணீர் லாரிக்குள் போய்ச் சேர்ந்திருப்பார். லாரிக்காரன் நல்லவன், ஒதுங்கிக்கொண்டான்.

மறுவாரம் கடிதம் வந்தது. 'தங்கள் வாகனம் ஓடுகையில் தங்கள் கைப்பேசி அசாதாரண அமைதி காப்பது கண்டறியப்பட்டுள்ளது. விளக்கமளிக்க நேரில் வரவும்.' கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிவிட்டது. ஆனாலும் இயக்குநரையே பார்க்கப்போகிறோம், வரியை அடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவராயிற்றே என்று உள்ளுக்குள் ஒரு தெம்பு. மனைவி என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "என்னைத் தெரியும் அவருக்கு. என் பேரைச் சொல்லுங்க" என்றாள்.

இயக்குநர் அறையின் சுவரில் என் மனைவியின் படம் மாட்டியிருந்தது. ஊன்றுகோல், கண்ணீர் துடைக்கும் இயக்குநர், எல்லாம் பளிச்சென்று. அதன் கீழேயே அவர் உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்க. உங்களைப் பத்தி எனக்கு ரொம்பக் கவலை" என்று ஆரம்பித்தார். "ஒரு கணக்குச் சொல்றேன், கேளுங்க. இந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஓட்டிக்கிட்டே போன் பாத்தவங்க நூத்துக்கு முப்பது பேர். அதுவும் கண்ட கண்ட பேச்சுக்கு. இன்னிக்கு நம்ம செய்திக்கு ஓட்டிக்கிட்டே பதில் அனுப்பறவங்க எத்தனை தெரியுமா? தொண்ணூத்து மூணு! ஒரு சட்டத்துக்கு இவ்வளவு மரியாதை எந்த நாட்டுலயாவது உண்டா? பாக்கி ஏழு பேர்தான் எனக்குத் தூக்கம் வராம பண்றாங்க. அந்த ஏழுல நீங்க ஒருத்தர்."

"ஐயா, நான் போனை டின்னுல போட்டு மூடிடறேன். அதான்."

"மூடறீங்க!" அவர் வலியோடு கண்ணை மூடித் திறந்தார். "அரசாங்கத்தை ஒரு டின்னுல போட்டு மூடறீங்க."

"ஐயா, அந்தக் கார்க்காரரைக் கூப்பிட்டு விசாரிக்கறேன்னு சொன்னீங்க. என் சம்சாரம் காத்துக்கிட்டு இருக்கா."

இயக்குநர் கோப்பைப் புரட்டினார். "அவரா? அவர் தங்கமான மனுஷர். எப்ப செய்தி போனாலும் ஒரு நிமிஷத்துல பதில் வந்துடும். எங்க இருந்தாலும், எந்த வேகத்துல போனாலும். உங்களுக்கு அவரை ஒரு முன்மாதிரியாச் சொல்லலாம்."

"என் சம்சாரம் காலு..."

"தெரியும், தெரியும். எப்படி இருக்கு இப்ப?" என்றவர் நிமிர்ந்து, "இடது கால்தானே?" என்று கேட்டார். தலைக்கு மேலே படம் தொங்குகிறது. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். திரும்பவில்லை.

இன்னும் ஒரு செய்திக்குப் பதில் வரவில்லையென்றால் மனுவை மூடிவிடுவோம், வரி நிரந்தரமாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இடது கால் விஷயத்தைச் சொல்லவில்லை. "உன்னை விசாரிச்சாரு" என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் நான் புத்தி கெட்டுப்போனேன் என்று சொல்லலாம். ஆனால் அது சாக்கு.

மறுநாள் காலை ஷிஃப்டு முடிந்த நர்ஸ்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். போனை டின்னில் போடவில்லை, சட்டைப் பையில் வைத்திருந்தேன். முன் சீட்டில் எப்போதும் பெரிய சிஸ்டர்தான் உட்காருவார். பார்த்துவிட்டார்.

"என்னப்பா, பிஸ்கட்டைப் பையில வெச்சிருக்கே?"

"இன்னிக்கு ஒருநாள் சிஸ்டர்."

கால் மணி நேரத்தில் வந்தது. 'இறுதி வாய்ப்பு. நேர் விசாரணைக்குச் சம்மதமா? எதிர்த்தரப்பு சம்மதம் தெரிவித்துவிட்டார். ஏழு நிமிடங்கள்.' கார்க்காரர் வரப்போகிறார்! என் மனைவி முன்னால் நிற்கப்போகிறார்! பழக்கத்தில் ஓரமாக நிறுத்தினேன். உடனே திரை மாறியது: 'வாகனம் நின்றுவிட்டது. தொடர்ந்து ஓட்டவும்.' கிளம்பினேன்.

"வேண்டாம்பா, எனக்கு நல்லதாப் படல" என்றார் பெரிய சிஸ்டர்.

"ஒரே நிமிஷம் சிஸ்டர்."

சம்மதம் என்று தொட்டேன். அதோடு விட்டதா? 'மனுதாரர்தானா என்பதை உறுதிசெய்ய முகத்தைக் காட்டவும்' என்றது. ஸ்டீயரிங்கின்மேல் போனைச் சாய்த்துக் காட்டினேன். 'திரையை நேராகப் பார்க்கவும்.' பார்த்தேன். 'சாலையைப் பார்க்கிறீர்கள். திரையைப் பார்க்கவும்.' பார்த்தேன். 'கண்களை மூடித் திறக்கவும்.' மூடித் திறந்தேன். 'தலையை இடப்பக்கம் திருப்பவும்.' திருப்பினேன். 'நன்றி. உங்கள் கவனத்தைப் பாராட்டுகிறோம்.'

பெரிய சிஸ்டர் அலறினார். பிரேக்கை மிதித்தேன். மிதித்தபோதே முன்னால் ஏதோ தட்டியது, இரும்புச் சாமான்கள் சிதறி உருளும் சத்தம் கேட்டது.

நான் கதவைத் திறப்பதற்குள் பதினான்கு நர்ஸ்களும் இறங்கிவிட்டார்கள். வேகம் குறைவாக இருந்ததால் உயிர் தப்பியது. குழாய் ரிப்பேர் செய்கிற ஆள், நாற்பது வயது இருக்கும். கருவிப் பை கிழிந்து ரெஞ்சுகளும் குழாய்த் துண்டுகளும் வெள்ளைப் பட்டைகளின்மேல் கிடந்தன. வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. பெரிய சிஸ்டர் ஒரு செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். குழாய்க்காரர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பச்சையிலதானே அண்ணே வந்தேன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, நான்தான் பாக்காம வந்துட்டேனா?"

என் வீட்டில் கேட்ட அதே கேள்வி.

ஒத்தைக்கை எங்கிருந்து வந்தாரோ, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன், விலங்கு போடுவார் என்று நினைத்து. அவர் என் கையைக் குலுக்கினார்.

"போட்டுட்டீங்க பாத்தீங்களா! ஏழு நிமிஷம் குடுத்தா நாலே நிமிஷம்! இப்பத்தான் எனக்குத் தகவல் வந்துச்சு. பாராட்டணும்னுதான் பின்னாடியே வந்தேன்."

"சார், நான் ஒருத்தரை இடிச்சுட்டேன்."

"அதைப் பாத்துக்கலாம்." ஒரு படிவத்தை எடுத்து, மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். 'விபத்துக்குக் காரணம்: பாதசாரியின்' வரைக்கும் வந்திருந்தார்.

"சார்! நான் போன் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"யார் இல்லேன்னா? நம்ம செய்திக்குத்தானே பதில் போட்டீங்க. பதினாலாவது பிரிவைப் படிங்க. இயக்ககத்துக்குப் பதில் அனுப்பறது போன் உபயோகத்துல சேராது. அப்ப நீங்க போன் பாக்கல. நீங்க பாக்கலேன்னா வேற யார் தப்பு? மிச்சம் இருக்கறது அவர்தான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானமாகத் தோளைத் தட்டினார். "பயப்படாதீங்க. உங்க சம்சாரம் கேஸும் இப்படித்தானே எழுதினோம்."

"என்ன சொல்றீங்க?"

"அந்தக் கார்க்காரர் அன்னிக்கு நம்ம ஆபீசுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாரு, உரிமம் புதுப்பிக்க. அப்ப நாம வாகனப் பதிவு ஆபீசு. எங்கே இருக்கீங்கன்னு நாமதான் கேட்டோம். ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்னு பதில் அடிச்சிருக்காரு, பாவம். அரசாங்கத்துக்குப் பதில் போட்டவரை எப்படித் தண்டிக்கிறது? நானேதான் எழுதினேன் அந்த வரியை."

"இயக்குநருக்குத் தெரியுமா?"

"அப்பவும் ஆபீசுக்குத் தலைவர் அவர்தான். கையெழுத்தும் அவரோடதுதானே."

மேடையில் என் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்தவர். அந்த வரியை என் கையால் அடிக்கிறேன் என்றவர். போட்டதே அவர் கைதான். அவளைக் கார் அனுப்பி அழைத்து, ஊன்றுகோலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்து, சுவரில் மாட்டி, அதன் கீழே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார்கள். வேலியே பயிரை மேயும் என்பார்கள். இங்கே வேலி பயிரைக் கூப்பிட்டு மாலை போட்டுவிட்டு மேய்ந்திருக்கிறது.

ஒத்தைக்கை என் காதருகில் வந்தார். "இங்க பாருங்க, உங்களுக்கு நல்லது செய்யணும்னு இருக்கு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு விசாரணையில உங்க சம்சாரத்தோட வரியை நானே அடிச்சுத் தர்றேன். இயக்குநர்கிட்ட நான் பேசறேன். இவருக்கு ஒரு வரி, அவங்களுக்கு ஒரு வரி. சரியாப் போச்சு."

மூன்று வருடமாகக் கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பேனாவையும் நீட்டிவிட்டார். நான் வாங்கவும் வாங்கிவிட்டேன், அதை மறைப்பானேன். குழாய்க்காரர் ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பச்சை எத்தனை நேரம் எரிகிறது என்று எண்ணுகிறவர்போல. நான் அவரிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க பாத்துத்தான் வந்தீங்க. நான்தான் பாக்கல. நான் போன் பாத்துக்கிட்டு இருந்தேன். நான்தான் இடிச்சேன்."

அவர் விளக்கைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

படிவத்தில் நான் சொன்னதை எழுதச் சொன்னேன். ஒத்தைக்கை படிவத்தைத் திருப்பிக் காட்டினார். காரணம் என்ற இடத்தில் நான்கே கட்டங்கள்: பாதசாரி, மழை, நாய், சாலைக் குழி. "ஓட்டுநர்னு கட்டமே இல்லையே, நான் எங்கே போய் எழுதறது?" என்றார். நியாயமான கேள்விதான். படிவத்தை வாங்கி, அவர் எழுதியிருந்ததை அடித்தேன். ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய சிஸ்டர் பேனாவைப் பிடுங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக மற்றப் பதிமூன்று பேரும் போட்டார்கள். நகல் ஒன்றைக் கிழித்துக் குழாய்க்காரரின் சட்டைப் பையில் வைத்துவிட்டுத்தான் சிஸ்டர் எழுந்தார். ஒத்தைக்கைக்கு அழுகையே வந்துவிட்டது. "படிவத்தைப் பாழ் பண்ணிட்டீங்களே!" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர்கள் சுறுசுறுப்பை அன்றைக்குத்தான் கண்டேன். என் உரிமத்தை ரத்து செய்தார்கள். போன் பார்த்ததற்காக அல்ல, அரசுப் படிவத்தின் ஓரத்தில் எழுதியதற்காக. உரிமம் இல்லாதவர் மனுதாரராக இருக்க முடியாது என்று மனுவையும் மூடினார்கள். ஆஸ்பத்திரியில் வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். என் மனைவியின் கால் பற்றிய வரி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வீட்டுக்கு நடந்துதான் போனேன். அவள் மிஷின்முன் உட்கார்ந்து, கையால் சக்கரத்தைச் சுற்றி ஒரு தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், இடது காலிலிருந்து ஆரம்பித்து. இயக்குநர் கையெழுத்து என்றபோது சக்கரம் நின்றது. தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள், அவர் பிடித்த கை. முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நான் போனை எடுத்த இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"வண்டியில நர்ஸம்மாங்க இருந்தாங்களா?"

"பதினாலு பேர்."

"என்னை நெனச்சுத்தானே எடுத்தீங்க?"

"ஆமா."

"அவங்க செஞ்சதுகூடப் பரவாயில்லைங்க. அவங்க யாரோ. நீங்க என் காலைப் பாத்தவரு." தலையணை உறையை மிஷினிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். "இனிமே எனக்காகன்னு சொல்லி எதையும் செய்யாதீங்க."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அப்புறம் கேட்டாள்: "அந்தக் குழாய்க்காரர்கிட்ட என்ன சொன்னீங்க? அங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"நான் போன் பாத்துக்கிட்டு இருந்தேன். நான்தான் இடிச்சேன்" என்றேன்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இந்த ஒரு பேச்சையாங்க மூணு வருஷமா எனக்குக் குடுக்க மாட்டேன்னு வெச்சிருந்தாங்க?"